‘கம்ப்யூட்டர் தெரியுமா?’

வேலைக்கான விண்ணப்பங்களில் ‘கணினி அறிவு: உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம் பல ஆண்டுகளாகவே இருந்துவருகிறது. 1993-இல் அதில் ‘உண்டு’ என்று டிக் அடித்த பட்டதாரிக்குத் தெரிந்தது, வேர்ட்ஸ்டாரில் ஒரு கடிதம் அடித்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுப்பது. 2003-இல் டிக் அடித்தவருக்கு சி மொழியும் கொஞ்சம் ஜாவாவும் தெரியும், அல்லது தெரிந்ததாகச் சான்றிதழ் இருக்கும். 2023-இல் டிக் அடித்தவர் செல்போனில் வீடியோ வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பத்து நிமிடத்தில் பதிவேற்றிவிடுவார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாள், “அந்த ஃபோல்டர்ல இருக்கிற எக்செல் ஷீட்ல நிலுவையை மட்டும் பிரிச்சு மெயில் பண்ணுப்பா” என்றால் மூவருமே விழிக்க வாய்ப்புண்டு.

கல்லூரி மாணவர்கள் கணினியை எப்போது, எப்படி முதன்முதலாகத் தொட்டார்கள், அதைப் பற்றி என்ன நினைத்தார்கள், உண்மையில் அதைக் கொண்டு என்ன செய்யத் தெரிந்தது என்ற மூன்று கேள்விகளும் அறுபது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, ‘உனக்குத் தெரியுமா?’ என்று மாணவரைக் கேட்டு எழுதியது. ‘செய்து காட்டு’ என்று சொல்லிப் பார்த்து எழுதியது மிகக் குறைவு. இந்த விஷயத்தில் நிலவும் குழப்பங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கதை தொடங்குவது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், டார்ட்மவுத் கல்லூரியில். 1964 மே 1 அதிகாலை நான்கு மணிக்கு, ஒரே கணினியில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசிக் மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஜான் கெமினி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்களின் திட்டம் அது. கெமினி புடாபெஸ்டில் பிறந்தவர். இளம் வயதில் ஐன்ஸ்டைனிடம் உதவியாளராக இருந்தவர். டார்ட்மவுத் மாணவர்களில் பெரும்பாலோர் அறிவியலோ பொறியியலோ படிப்பவர்கள் அல்லர். இலக்கியம், வரலாறு, பொருளாதாரம் படித்து நாளைக்கு நிறுவனங்களையும் அரசையும் நடத்தப் போகிறவர்கள். அவர்களுக்குக் கணினி தெரியாவிட்டால் நாட்டுக்கே கெடுதல் என்பது இருவரின் கணக்கு. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், காசு கொடுக்காமல் கணினி நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அன்றைக்கு மற்ற இடங்களில் கணினி என்றால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொருள். இங்கே மாணவர் தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப் முன் உட்கார்ந்து தட்டினால், சில நொடிகளில் விடை காகிதத்தில் அச்சாகி வந்தது. முதலாண்டுக் கணிதப் பாடத்திலேயே நிரல் எழுதி, தவறு திருத்தி, ஓடவைத்துக் காட்ட வேண்டும்.

கூடவே விளையாட்டும் வந்தது. 1965-இல் டார்ட்மவுத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி பிரின்ஸ்டனைத் தோற்கடித்த உற்சாகத்தில் உருவான கால்பந்து விளையாட்டு நிரல் ஒன்று பேர்பெற்றது. மாணவர்கள் விளையாடி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று கெமினி கவலைப்படவில்லை. இயந்திரத்தின் மீதான கூச்சம் போக அது நல்ல வழி என்பது அவர் கட்சி. இன்று செல்போன் விளையாட்டைப் பற்றி அப்படிச் சொல்ல எந்தப் பேராசிரியருக்கும் துணிச்சல் வராது.

‘கம்ப்யூட்டர் லிட்டரசி’ என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அதே டார்ட்மவுத்தில் இயற்பியல் கற்பித்த ஆர்தர் லூர்மன்தான். 1972-இல் அவர் வாசித்த கட்டுரையின் கேள்வி எளிமையானது: கணினி மாணவருக்குக் கற்பிக்க வேண்டுமா, மாணவர் கணினிக்குக் கற்பிக்க வேண்டுமா? லூர்மன் இரண்டாவது பக்கம் நின்றார். எழுதப் படிக்கத் தெரிவது என்றால் புத்தகங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது அல்ல, எழுதுவதும் படிப்பதும். அதேபோல் கணினி அறிவு என்றால் கணினியைப் பற்றிய தகவல்களை ஒப்பிப்பது அல்ல, அதைக் கொண்டு ஒரு வேலையைச் செய்துமுடிப்பது. எண்பதுகளின் தொடக்கத்தில் இதைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர்களிடையே பெரிய வாக்குவாதமே நடந்தது.  நடைமுறையில் தோற்றது லூர்மன்தான். கணினியின் பாகங்கள், வரலாறு, பயன்கள் என்று பட்டியல் போட்டுக் கற்பிப்பது எளிது, தேர்வு வைப்பதும் எளிது. ‘சார்லஸ் பாபேஜ் கணினியின் தந்தை’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்காத தமிழ்நாட்டு மாணவர் யார்?

எண்பதுகளில் உளவியலாளர்கள் களத்தில் இறங்கினார்கள். கணினி வகுப்பில் சில மாணவர்கள் கை வியர்த்து உட்கார்ந்திருப்பதை ஆசிரியர்கள் கவனித்திருந்தார்கள். ஏதாவது பட்டனை அழுத்தினால் இயந்திரம் கெட்டுவிடும், தான் முட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம். அதை அளக்கக் கருவிகள் வந்தன. 1984-இல் பிரெண்டா லாய்டும் கிளாரிஸ் கிரெசார்டும் வெளியிட்ட கணினி மனப்பான்மை அளவுகோல் இவற்றில் மிகவும் பரவியது. பதற்றம், தன்னம்பிக்கை, விருப்பம் என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்குப் பத்தாக முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவுக்கு உடன்படுகிறேன், மறுக்கிறேன் என்று மாணவர் குறிக்க வேண்டும். பயன்பாடு என்ற நான்காவது பிரிவு பிறகு சேர்ந்தது. உலகம் முழுவதும், நம் கல்வியியல் கல்லூரிகள் உட்பட, ஆய்வேடுகள் இந்த வகை அளவுகோல்களைக் கொண்டு எழுதப்பட்டிருக்கின்றன. எம்.எட்., எம்.ஃபில். மாணவருக்கு இது கையடக்கமான தலைப்பு. ஒரு கல்லூரி, ஒரு வினாப்படிவம், ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசு–தனியார் என்று பிரித்து ஒரு டி-சோதனை. முடிவும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான்: வீட்டில் கணினி உள்ளவருக்குப் பதற்றம் குறைவு.

ஆனால் அந்தக் காலத்திலேயே இதைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டியவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் லாரி ரோசனும் மிஷெல் வைலும் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து கணினிப் பயத்தை ஆராய்ந்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது, பழகப் பழகப் பயம் போய்விடும் என்பது. அவர்கள் கண்டது அப்படியில்லை. பயந்தவரைக் கட்டாயப்படுத்திக் கணினி முன் கூடுதல் நேரம் உட்காரவைத்தால் பயம் குறையும் என்று உறுதி சொல்ல முடியவில்லை. சிலருக்கு அது முற்றவும் செய்தது. கணினியை முதன்முதலில் அறிமுகப்படுத்தியவர் யார், அவர் தானே பயந்துகொண்டிருந்தாரா, சிரித்த முகத்தோடு சொல்லித்தந்தாரா என்பதே கூடுதலாகக் கணக்கில் வந்தது. 1995-இல் 23 நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சில நாடுகளில் பெரும்பான்மை மாணவர்கள் கணினியைக் கண்டு மிரண்டார்கள், சில நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் சொற்பம். ஒரு நாட்டில் எத்தனை கணினி இருக்கிறது என்பது மட்டும் இதற்கு விளக்கமாகவில்லை. ‘எத்தனை ஆண்டு’ என்று எண்ணுவதைவிட ‘முதல் நாள் என்ன நடந்தது’ என்று கேட்பது மேல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

இதே ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு கணினியை வாங்கிக் குவித்தன. எம்.ஐ.டி. 1983-இல், மாணவர்களுக்கு வளாகமெங்கும் கணினி வசதி தரும் அதீனா திட்டத்தைத் தொடங்கியது. பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகம், சேரும் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கணினி இருந்தாக வேண்டும் என்று விதித்து, 1984-இல் அப்போதுதான் வந்திருந்த மேக்கின்டாஷைச் சலுகை விலையில் கைக்குக் கொண்டுசேர்த்தது. பொருள் கிடைத்தால் அறிவு தானே வரும் என்ற நம்பிக்கை அப்போதே வேர்விட்டுவிட்டது.

ஆண்–பெண் வேறுபாடு பற்றிய ஆராய்ச்சிதான் இந்தத் துறையில் உருப்படியான விளைவைத் தந்தது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெறுபவர்களில் பெண்களின் பங்கு 1980-களின் நடுவில் சுமார் 37 விழுக்காடு. அதன்பிறகு சரிந்து, 2010 வாக்கில் அதில் பாதியாகிவிட்டது. மருத்துவமும் சட்டமும் பெண்களுக்கு மேலும் மேலும் திறந்துகொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் மாணவர்களை ஆண்டுக்கணக்கில் நேர்காணல் செய்து காரணத்தைத் தேடினார்கள். வீட்டுக்கு வந்த கணினி பையனின் அறைக்குப் போயிருந்தது. அப்பா அவனோடு உட்கார்ந்து நோண்டினார். விளம்பரங்களும் பையன்களையே காட்டின. எனவே கல்லூரிக்கு வரும்போதே பையனுக்குப் பல ஆண்டுப் பழக்கம். முதல் வகுப்பில் அவன் புரியாத சொற்களில் கேள்வி கேட்க, பக்கத்திலிருந்த பெண் தனக்கு இயல்பான திறமை இல்லை என்று முடிவுகட்டிவிட்டாள். முன்பழக்கத்தைத் திறமை என்று எல்லோரும் தவறாக எடுத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகம் சேர்க்கையில் முன் நிரலாக்க அனுபவத்துக்குத் தந்த சலுகையைக் கைவிட்டது. முதல் பாடத்துக்கு அவரவர் நிலைக்கேற்பப் பல வாசல்கள் வைத்தது. 1995-இல் சேர்ந்தவர்களில் 7 விழுக்காடாக இருந்த பெண்கள் 2000-இல் 42 விழுக்காடு ஆனார்கள்.

இந்தியாவில் இந்தக் கதை தலைகீழ். ரோலி வர்மா என்ற ஆய்வாளர் இந்தியக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் பெண்களைப் பேட்டி கண்டு எழுதியவற்றைப் படித்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்காது, அமெரிக்கர்களுக்குத்தான் இருக்கும். கல்லூரிக்கு வரும்வரை கணினியை அதிகம் தொடாதவர்கள் இவர்கள். ஆனாலும் கணக்கு நன்றாக வரும் என்ற தெம்பு இருந்தது. குளிரூட்டிய அறை, வெயிலில் அலையாத வேலை, நல்ல சம்பளம் என்பதால் வீட்டிலும் ஒப்புதல். முக்கியமான விஷயம், பக்கத்து பெஞ்சில் இருந்த பையனும் அநேகமாக அதே ஆண்டில்தான் கணினியைப் பார்த்திருந்தான். வீட்டில் கணினி இல்லாத வறுமை, வகுப்பறையில் சமத்துவமாக வேலை செய்தது. மெக்கானிகல் வகுப்பில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த மாணவிகள், கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் பாதிக்குப் பாதி உட்கார்ந்திருப்பது தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் வழக்கமான காட்சியாயிற்று.

இந்திய மாணவர் கணினியைச் சந்தித்த முதல் இடங்களில் ஒன்று கான்பூர் ஐ.ஐ.டி., ஆண்டு 1963. அந்த ஆகஸ்டில் அங்கே ஐ.பி.எம். 1620 நிறுவப்பட்டது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமனும், எச்.என். மகாபலாவும் அங்கே கற்பித்த முன்னோடிகள். ராஜாராமன் எழுதிய ஃபோர்ட்ரான் பாடநூல்கள் குறைந்த விலையில் வந்து, கணினியையே பார்த்திராத கல்லூரிகளில்கூட நிரலாக்கத்தைக் கற்பித்தன. மகாபலா பிறகு சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தார். அங்கே 1973-இல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணினி ஜெர்மன் உதவியோடு வந்து சேர்ந்தது. மாணவர் நிரலைத் துளையட்டைகளில் குத்தி, ரப்பர் பேண்டு போட்டுக் கவுண்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால், அட்டையைத் திருத்தி மீண்டும் வரிசை. அந்தத் தலைமுறை நிரலைக் காகிதத்தில் பத்து முறை சரிபார்த்துவிட்டே இயந்திரத்துக்குக் கொடுக்கப் பழகியது. எண்ணிக்கையில் அவர்கள் சிலரே. ஆனால் லூர்மன் கேட்ட பொருளில் கணினி தெரிந்தவர்கள்.

பொதுமக்களின் கல்லூரி மாணவருக்கு வாசல் திறந்தது 1984-க்குப் பிறகு. ராஜீவ் காந்தி அரசு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்ப 1984–85-இல் ‘கிளாஸ்’ திட்டம் வந்தது. முதலில் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினி போனது. ராஜாராமன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி எம்.சி.ஏ. படிப்பு பரவியது. இருந்தாலும் பி.ஏ. வரலாறும் பி.காமும் படித்தவர்கள் கணினியைக் கற்றது கல்லூரியில் அல்ல, கடைத்தெருவில்.

என்.ஐ.ஐ.டி. 1981-இலும் ஆப்டெக் 1986-இலும் தொடங்கியவை. அவற்றுக்குப் பின்னால் ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கில் சிறிய நிலையங்கள் முளைத்தன. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியிலேயே ஒரு அறையைத் தடுத்து, ஏசி போட்டு, நான்கு கணினி வைத்தால் ‘கம்ப்யூட்டர் சென்டர்’. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி போனால் இயந்திரம் கெட்டுவிடும் என்றார்கள். வைரஸும் அந்த வழியாகத்தான் வரும் என்று நம்பியவர்களும் உண்டு. டி.சி.ஏ. படிப்பில் டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ், கொஞ்ச நாளில் ஃபாக்ஸ்புரோ. ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஒருவர் தட்ட, மற்றவர் நோட்டைப் பார்த்து, “கண்ட்ரோல் கே, அப்புறம் எஸ்” என்று வாசிப்பார். மின்சாரம் போனால் அன்றைய நேரம் அவ்வளவுதான்.

இந்த மையங்களை இளக்காரமாகப் பேசுவது எளிது. ஆனால் கல்லூரிகள் செய்யாததை அவை செய்தன. தமிழ் வழியில் படித்த, வீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரியான பெண், பஸ் வசதியுள்ள பக்கத்து ஊரில், அம்மாவும் அப்பாவும் ஒத்துக்கொள்ளும் நேரத்தில், தமிழில் விளக்கிச் சொல்லும் ஓர் அக்காவிடம் கணினியைக் கற்க முடிந்தது. ரோசனும் வைலும் சொன்ன ‘நல்ல முதல் அறிமுகம்’ பலருக்கு இந்த அக்காக்களிடம்தான் கிடைத்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. கற்றது மென்பொருளின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேர்ட்ஸ்டார் போனதும் கண்ட்ரோல்–கே–எஸ்ஸும் போயிற்று. ‘ஒரு ஆவணத்தை ஓரிடத்தில் ஒரு பெயரில் சேமிக்கிறோம்’ என்ற கருத்தை யாராவது பிரித்துச் சொல்லியிருந்தால் அடுத்த மென்பொருளுக்கும் அது உதவியிருக்கும். 1990-இல் தொடங்கிய மத்திய அரசின் டோயக் கணினிச் சான்றிதழ்களும், தமிழ்நாட்டில் தட்டச்சர் பணிக்குக் கேட்கப்படும் ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ தேர்வும் இந்தச் சந்தைக்கு ஓரளவு ஒழுங்கு கொடுத்தன. பின்னது செய்முறையோடு கூடிய தேர்வு என்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்லூரி ஆய்வகம் என்ன செய்தது? கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸும் பி.சி.ஏ.வும் வேகமாகப் பெருகிய 1990-கள், 2000-களின் ஆய்வகத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அங்கே முதன்மையான கருவி கணினி அல்ல, ரெக்கார்டு நோட்டு. வலப்பக்கம் நோக்கம், செய்முறைப் படிகள், நிரல், இடப்பக்கம் விடை. விடையைக் கணினி தருவதற்கு முன்பே சீனியரின் நோட்டிலிருந்து எழுதி முடித்தாகிவிடும். ஃபிபனாச்சி தொடர், பகா எண், மேட்ரிக்ஸ் பெருக்கல் என்று பதினைந்து இருபது நிரல்கள்; பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வில் அவற்றிலிருந்தே சீட்டு எடுக்க வேண்டும். அத்தனையையும் மனப்பாடம் செய்து வந்த மாணவர் பிழையில்லாமல் தட்டி, கம்பைல் செய்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கினார். ஒரு வரியை மாற்றி, ‘இறங்கு வரிசையில் தா’ என்று வெளித்தேர்வாளர் கேட்டால் கை நின்றுவிடும். பல தேர்வாளர்கள் இதைத் தெரிந்தே கேட்காமல் விட்டார்கள். சி மொழி நிரலை மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் பேனாவால் எழுதவைக்கும் பழக்கம் இன்றும் போகவில்லை. கணினி வகுப்புக்கு வந்த பிறகும் துளையட்டைக் காலத்துக் காகிதம் ஒழியவில்லை. அந்தக் காலத்து ஒழுக்கம் மட்டும் காணாமல் போயிற்று.

இந்தியாவில் இணையம் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15-இல் வந்தது. மாணவருக்கு அது பிரவுசிங் சென்டராக வந்தது. மணிக்கு இருபது முப்பது ரூபாய், பலகைத் தடுப்பு, பின்னால் நின்று எட்டிப்பார்க்கும் நண்பன். தேர்வு முடிவு வரும் நாளில் வாசலில் கூட்டம். பலரின் முதல் மின்னஞ்சல் முகவரியை உருவாக்கித் தந்தவர் கடைக்கார அண்ணன். கடவுச்சொல்லும் அவருக்கே நினைவிருக்கும். இந்தச் சார்பு இன்னும் தீரவில்லை. 2018-இல் தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியபோது மாவட்டந்தோறும் உதவி மையங்களையும் சேர்த்தே திறக்க வேண்டியிருந்தது. கையில் ஸ்மார்ட்போன் வைத்துக்கொண்டே, கல்வி உதவித்தொகைப் படிவம் நிரப்ப ஜெராக்ஸ் கடைக்குப் போகும் மாணவர்களை இன்றும் எந்தப் பேருந்து நிலையத்துக்கு அருகிலும் பார்க்கலாம்.

2011-இல் மூன்று வார இடைவெளியில் இரண்டு திட்டங்கள் வந்தன. செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளி, பாலிடெக்னிக், கலை அறிவியல், பொறியியல் என அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்கானது. அக்டோபர் 5 அன்று தில்லியில் ‘ஆகாஷ்’ டேப்லெட் அறிமுகமானது. உலகின் மிக மலிவான டேப்லெட் என்ற ஆரவாரத்தோடு வந்த ஆகாஷின் முதல் பதிப்பில் 256 எம்.பி. நினைவகம், அழுத்தித் தொட்டால்தான் கேட்கும் திரை. மாணவர்கள் அதைச் சீந்தவில்லை. மலிவு என்பதற்காக ஏமாற்றத்தை முதல் அனுபவமாகக் கொடுப்பதில் என்ன லாபம் என்று யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை. தமிழ்நாட்டு மடிக்கணினி அப்படியல்ல, ஒழுங்காக வேலை செய்தது. பல லட்சம் வீடுகளில் அதுதான் முதல் கணினி. மாணவர் அதில் படம் பார்த்தார், பென் டிரைவில் பாட்டு ஏற்றினார், தம்பிக்கு விளையாடக் கொடுத்தார், விற்றவர்களும் உண்டு. ‘படம் பார்க்கவா கொடுத்தோம்?’ என்ற கேலி அப்போது சகஜம். கால்பந்து நிரலைப் பற்றிக் கெமினி சொன்னதை நினைத்தால் அந்தக் கேலிக்கு அர்த்தமில்லை. படம் பார்க்க வேண்டுமானாலும் கோப்பை நகலெடுக்கவும், இடம் போதாதபோது அழிக்கவும், இயங்காத வடிவத்துக்கு வேறு மென்பொருள் தேடவும் தெரிந்தாக வேண்டும். திட்டத்தின் உண்மையான பலவீனம், கணினியைக் கொடுத்த கல்லூரிகளின் பாடத்தில் அதற்கு வேலையே இல்லாமல் போனதுதான். வரலாற்றுத் துறை மாணவருக்கு மடிக்கணினி கிடைத்தது; அசைன்மென்டை மட்டும் ஏ4 தாளில் கையால் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

இதற்குள் உலகம் வேறொரு நம்பிக்கையில் திளைத்திருந்தது. 2001-இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர், கணினிகளுக்கு நடுவே பிறந்த தலைமுறையை ‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’ என்றும் ஆசிரியர்களை ‘டிஜிட்டல் குடியேறிகள்’ என்றும் எழுதினார். ஆய்வுத் தரவு அதிகம் இல்லாத கட்டுரை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் சூ பென்னட்டும் கூட்டாளிகளும் 2008-இல் இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு எழுதினார்கள். மெல்பர்னில் முதலாண்டு மாணவர்களைக் கணக்கெடுத்த கிரிகோர் கென்னடி குழு, எல்லோரிடமும் செல்போன் இருந்தாலும் அதைத் தாண்டிய பயன்பாட்டில் மாணவருக்கு மாணவர் பெரிய வித்தியாசம் இருப்பதைக் காட்டியது.

எஸ்தர் ஹர்கிட்டாய் செய்ததுதான் இவற்றில் தெளிவானது. சிகாகோவில் பல பின்னணிகளிலிருந்தும் மாணவர்கள் வரும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1,060 முதலாண்டு மாணவர்களிடம் அவர் ஆய்வு நடத்தினார். இணையத்தில் நிரப்பச் சொன்னால் பழகியவர்களே பதில் தருவார்கள் என்பதால் காகிதப் படிவம் கொடுத்தார். எல்லோரும் ஒரே வயது, எல்லோருக்கும் இணைய வசதி. இருந்தும் திறனில் பெரிய ஏற்றத்தாழ்வு. பெற்றோர் அதிகம் படித்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறன் கூடுதல். வேறொரு பகுதியாக, 102 மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்து, தகவல் தேடச் சொல்லிப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். தேடலில் முதலில் வந்தது என்பதற்காகவே ஒரு தளத்தை நம்பியவர்கள் கணிசம். எழுதியவர் யார் என்று சரிபார்க்க வேண்டும் என்று வாயால் சொன்னவர்களும் கையால் அதைச் செய்யவில்லை. வினாப்படிவத்தில் ஒருபோதும் வெளிப்படாத செய்தி இது. வேறொரு ஆய்வில் பெரியவர்களிடம் அவர் கண்டது இன்னொரு கோணத்தைத் தருகிறது: செய்து காட்டும்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, தன் திறனைத் தானே மதிப்பிடச் சொன்னால் மட்டும் பெண்கள் குறைத்துச் சொன்னார்கள்.

2017-இல் கேத்தரின் கார்லண்ட் என்ற வானியற்பியல் பேராசிரியர் தன் பொறியியல் வகுப்பில் மாணவர்களுக்கு ஒரே பிழைச்செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். நிரலால் கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘கோப்பை எங்கே சேமித்தாய்?’ என்று கேட்டால், அந்தக் கேள்வியே மாணவர்களுக்குப் புரியவில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற அமைப்பையே அவர்கள் அறிந்திருக்கவில்லை. செல்போனில் எதையும் அடுக்கிவைக்கத் தேவையில்லை, தேடினால் வந்துவிடும். 2021-இல் இது செய்தியானபோது உலகெங்கும் ஆசிரியர்கள் ‘எங்கள் வகுப்பிலும் இதே கதை’ என்றார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் ஒரே கோப்பு ஆறேழு பிரதிகளாகக் கிடப்பதைப் பார்க்கலாம்.

பெருந்தொற்றுக் காலம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்முறைத் தேர்வு வைத்தது. விடையைத் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கி, சொன்ன அளவுக்குள் சுருக்கி, பெயரில் பதிவெண் வைத்து, நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும். அதற்குப் பலரும் நம்பியிருந்த கேம்ஸ்கேனர் செயலியும் மத்திய அரசு 2020 ஜூன் 29-இல் தடைசெய்த 59 சீனச் செயலிகளில் ஒன்றாகிவிட்டது. மாணவர்கள் வேறு செயலியைத் தேடினார்கள், ஒருவருக்கொருவர் வாட்ஸப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், இரண்டு மூன்று தேர்வுக்குள் கைவந்தவர்களாகிவிட்டார்கள். மூன்றாண்டு ஆய்வக வகுப்பு சாதிக்காததை நிஜமான தேவை மூன்று வாரத்தில் சாதித்தது. சிக்னலுக்காக மொட்டைமாடியிலும் மரத்திலும் ஏறியவர்கள், அக்காவும் தம்பியும் ஒரே போனைப் பங்கிட்டவர்கள் இந்தத் தேர்வில் பின்தங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியா முழுவதற்குமான எண்கள் என்ன சொல்கின்றன? 2017–18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றுப்படி, கிராமங்களில் 4.4 விழுக்காடு வீடுகளிலும் நகரங்களில் 23.4 விழுக்காடு வீடுகளிலும் கணினி இருந்தது. 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் கிராமத்தில் சுமார் 24 விழுக்காடு, நகரத்தில் 56 விழுக்காடு. வீட்டில் கணினி இல்லாத பலர் எங்கோ கற்றிருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் இதுவும் வீட்டில் இருப்பவர் சொல்ல, கணக்கெடுப்பாளர் எழுதிக்கொண்ட எண்தான். இயக்கிக் காட்டச் சொல்லி எடுத்த எண் நம்மிடம் இல்லை.

இப்போது சாட்ஜிபிடி போன்றவை வந்து, ‘தெரியும்’ என்று சொல்வதற்கும் தெரிவதற்கும் உள்ள இடைவெளியை இன்னும் மறைத்துவிட்டன. ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கத்தை நிரப்ப இனி சீனியரின் நோட்டுகூடத் தேவையில்லை.

தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்தது. கருவி கொடுப்பதில் இந்த மாநிலத்துக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கூடவே ஒன்று செய்யலாம். முதலாண்டின் முதல் வாரத்தில், மதிப்பெண் இல்லாத, ஒரு மணி நேரச் செய்முறைச் சோதனை. ஒரு ஃபோல்டர் உருவாக்கி மூன்று கோப்புகளை அதில் பெயர் மாற்றி வைப்பது, நூறு வரி அட்டவணையை வரிசைப்படுத்திக் கூட்டுவது, தமிழில் பத்து வரி தட்டச்சு செய்து இணைப்பாக அனுப்புவது, ஒரு செய்தி உண்மையா என்று இரண்டு இடங்களில் சரிபார்ப்பது. இதை மூன்றாம் ஆண்டு முடிவில் மீண்டும் ஒருமுறை வைத்து, இரண்டு முடிவுகளையும் கல்லூரிவாரியாக வெளியிட வேண்டும். கல்வியியல் துறைகளும் மனப்பான்மை வினாப்படிவத்தைக் கொஞ்ச காலம் அலமாரியில் வைத்துவிட்டு, இந்தச் சோதனையை நடத்தித்தர முன்வரலாம்.